மாத்திரையைத் தூக்கி எறிவதுதான் விசுவாசமா?

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், சபை, தெரு என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் விலக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. வீட்டிலேயே தையல் வேலை. கணவர் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பணிபுரிகிறார். வாரம் விட்டு வாரம் இரவுப் பணி. பத்து வயதில் ஒரு மகள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கடல் தெருவுக்குள் ஏறி வந்ததைப் பதின்மூன்று வயதில் பார்த்தவர் இவர். 2023இல் அதே டிசம்பர் 26 அன்று நள்ளிரவு வாக்கில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண் எரிய, மூச்சு முட்ட, மகளை இழுத்துக்கொண்டு இருட்டில் ஓடியவரும் இவரே.

அந்த இரவுக்குப் பிறகு ஏதாவது நெடி அடித்தால் போதும், பினாயில் வாசனைகூட, நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, 'இதோ செத்துவிடுவேன்' என்று தோன்றுகிறது. கணவர் இரவுப் பணிக்குப் போகும் வாரங்களில் தூக்கமே இல்லை. இரண்டு முறை நள்ளிரவில் அரசு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். இ.சி.ஜி. சரியாக இருந்தது, மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் ஒரு மாத்திரை, சில வாரங்களுக்கு மட்டும் இரவில் பாதி மாத்திரை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரத்தில் ஓரளவு தெளிந்தது. அப்போதுதான் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா கேட்டிருக்கிறார்: "சிலுவையிலே எல்லாம் முடிந்துவிட்டதே! அவர் இரத்தம் சிந்தி வாங்கிக் கொடுத்த விடுதலையை நீ மாத்திரையில் தேடுகிறாயா? 91ஆம் சங்கீதத்தை நம்பவில்லையா?"

அன்றிரவே மாத்திரைகள் குப்பைத்தொட்டிக்குப் போயின. மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஒரு வெட்டு, எரிச்சல், முன்னைவிட மோசமான பயம். 'சாத்தான் கடைசியாக ஒருமுறை எதிர்க்கிறான்' என்று குழுவில் விளக்கம் கிடைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் உபவாசம். சங்கிலியை அடகு வைத்து 40,000 ரூபாய் பொருத்தனைக் காணிக்கை, அதாவது நேர்த்திக்கடன். இப்போது மாமியார், செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு ஜெப இல்லத்தில் நாற்பது நாள் தங்கிவிட்டு வரச் சொல்கிறார். கணவர் எதுவும் சொல்வதில்லை.

இதற்கு நடுவே, பெரிய வெள்ளியன்று நண்பகலிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு மொழிகளில் நாலாவதைத் தியானித்துப் பேசும் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பில் ஆயர் இவருக்குக் கொடுத்திருக்கிறார். "அக்கினிக் கடலுக்குப் போகிறவர்களின் பட்டியலில் 'பயப்படுகிறவர்கள்'தான் முதலில் வருகிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் நான் எந்த வாயால் சிலுவையைப் பற்றிப் பேசுவேன்?" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் அதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. அதை முடித்துவிட்டு வருகிறேன்.

முதலில் மாத்திரை

நான் மருந்து எழுதும் மருத்துவர் அல்ல, உளவியல் ஆலோசகர். ஆனாலும் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் மாத்திரைகளின் பெயரைப் பார்த்து ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம். மூன்றாம் நாளில் வந்தது சாத்தானின் எதிர்ப்பு அல்ல. காலையில் சாப்பிட்டது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் போக்கைச் சீராக்கும் வகையைச் சேர்ந்தது. அது பலன் தரத் தொடங்கவே இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நிறுத்தும்போது அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், நீங்கள் எழுதியிருக்கும் அந்த 'ஷாக்' எல்லாம் வரும். எந்த மதத்தவருக்கும் வரும், கடவுளே இல்லை என்பவருக்கும் வரும். இரவு மாத்திரையோ வேறு வகை. நாள்பட்டால் பழக்கமாகிவிடக்கூடியது, அதனால்தான் சில வாரங்களுக்கு மட்டும் எழுதினார்கள். அதையும் நாமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. 'மாத்திரை என்றாலே அடிமையாகிவிடுவோம்' என்ற உங்கள் அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அது இரவு மாத்திரைக்குப் பொருந்துகிற உண்மை. காலை மாத்திரையின் மேல் அந்தப் பழியைப் போடாதீர்கள்.

இடைவெளி விட்ட பிறகு பழைய அளவிலேயே நீங்களாகத் தொடங்க வேண்டாம். இந்த வாரமே அதே மருத்துவரிடம் போய், 'நிறுத்திவிட்டேன், இன்ன காரணத்துக்காக நிறுத்தினேன்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். இதைக் கேட்டு அவர் அதிர்ச்சி அடைய மாட்டார். வாரத்துக்கு எத்தனையோ பேரிடம் கேட்கிற கதைதான். தைராய்டையும் ரத்தச்சோகையையும் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். இரண்டுமே படபடப்பைக் கொண்டுவரக்கூடியவை. உபவாசத்தை மருத்துவர் சம்மதிக்கும்வரை நிறுத்திவையுங்கள். வெறும் வயிறும் நீர்க்குறைவும் நடுக்கத்தையும் மயக்கத்தையும் தரும். அதை நீங்கள் பயம் என்று எடுத்துக்கொள்வீர்கள், குழுவில் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள்.

ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியதுபோல, 'கண்ணை மூடிவிட்டால் நிம்மதி' என்று ஒரு வரி இருக்கிறது. நான் அதைப் போகிற போக்கில் படிக்கவில்லை. அந்த எண்ணம் மறுபடி வந்தால் தனியாக இருக்காதீர்கள். கணவரை எழுப்புங்கள். அவர் பணியில் இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐயோ (டெலி மானஸ்), சுகாதார உதவி எண்ணான 104ஐயோ அழையுங்கள். இரண்டிலும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எண்ணம் வலுத்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், இ.சி.ஜி. எடுக்கப் போன அதே வாசல்தான்.

உங்கள் உடம்பில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வட சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஆலைச் சங்கு பழக்கம். ஆபத்துக்கு ஊத வேண்டிய சங்கு, ஆபத்து நீங்கிய பிறகும் சின்னத் தூண்டுதலுக்கெல்லாம் ஊதிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி இருக்கிறது உங்கள் நரம்பு மண்டலம். ஒருமுறை கடல், ஒருமுறை காற்று, இரண்டும் ஒரே தேதி. நெடி என்றால் மரணம் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் ஓடுகிறது. நீங்கள் வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரக்கின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, தானாக வடிந்துவிடும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். மாத்திரையோடு, விலக்கி வைத்திருப்பவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் உளவியல் பயிற்சியும் வேண்டும். பினாயில் பாட்டிலைத் திறந்து ஒரு நிமிடம் பக்கத்தில் உட்காருவதில் தொடங்கி, இரண்டு வருடமாக நீங்கள் போகாத கடற்கரைச் சாலைவரை அது போகும். ஓடி ஒளிய ஒளிய இந்தப் பயம் கொழுக்கும்.

ஒன்றை மட்டும் நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். எண்ணூரில் குடியிருப்பவர் வாயுக் கசிவை நினைத்துக் கவலைப்படுவது மனநோய் அல்ல. அது நியாயமான அச்சம். நியாயமான அச்சத்துக்குத் தேவை ஏற்பாடு. அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், கண்ணை நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதை மகளுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். ஒருமுறை போதும். தினமும் இரவு ஒத்திகை பார்த்தால் அது மறுபடி நோயின் பக்கம் போய்விடும்.

பயம் பாவமா?

இனி உங்கள் கேள்வி. நானும் ஆலயத்துக்குப் போகிறவள்தான். ஆகவே வேதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உளவியல் மட்டும் பேசப்போவதில்லை. அப்படிப் பேசினால் நீங்கள் கேட்கவும் மாட்டீர்கள்.

மாற்கு 14:33ஐ எடுத்துப் பாருங்கள். சிலுவைக்கு முந்திய இரவு, கெத்செமனே தோட்டத்தில் இயேசு 'திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்' என்று எழுதியிருக்கிறது. லெந்து நாட்களில் வருடா வருடம் இந்தப் பகுதியை வாசிக்கிறோம். வாசித்துவிட்டு, பயப்படுகிற ஒரு பெண்ணைப் பார்த்து 'உனக்கு விசுவாசம் இல்லை' என்றும் சொல்கிறோம். லூக்கா இன்னும் ஒரு படி போகிறார். வானத்திலிருந்து ஒரு தூதன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான் என்பது 22ஆம் அதிகாரம் 43ஆம் வசனம். அவர் வியாகுலப்பட்டு அதிக ஊக்கத்தோடு ஜெபித்ததும், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்ததும் அடுத்த வசனம். வரிசையைக் கவனியுங்கள். தூதன் வந்த பிறகும் வேதனை நிற்கவில்லை. ஜெபத்துக்குப் பதில் வந்தது. ஆனால் வந்த பதில் பயத்தைத் துடைத்துப்போடவில்லை, பயத்தோடு நிற்கப் பலம் கொடுத்தது. ஐந்து வாரம் ஜெபித்தும் பயம் போகவில்லையே, அப்படியானால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று நீங்கள் போட்ட கணக்கு அந்தத் தோட்டத்தில் செல்லுபடியாகவில்லை.

பிரசங்கங்களில் அதிகம் வராத இன்னொரு பகுதியும் உண்டு. யோவான் 11:54இல், தம்மைக் கொல்ல ஆலோசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் இயேசு வெளியரங்கமாய் நடமாடாமல் வனாந்தரத்துக்கு அருகான ஓர் ஊருக்குப் போய்விடுகிறார். 8ஆம் அதிகாரத்தில் கல்லெறிய வந்தவர்களிடமிருந்து மறைந்து போகிறார். சிலுவைக்குப் போனவர் ஆபத்தைத் தேடித் திரிந்தவர் அல்ல. ஒதுங்க வேண்டிய நேரத்தில் ஒதுங்கினார்; நிற்க வேண்டிய நேரத்தில், நடுக்கத்தோடு, நின்றார். அவருடைய தியாகத்தின் கனம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. பயமே இல்லாத ஒருவர் சாவுக்குப் போவதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது? 'இந்தப் பாத்திரம் நீங்கட்டும்' என்று கேட்டவர், கேட்டும் நீங்காதபோது, குடித்தார்.

நீங்கள் சொன்ன அந்தப் பட்டியல் வருகிற வெளிப்படுத்தின விசேஷம் 21:8 உங்களைப் பல நாள் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்தை மட்டும் தனியே பிடுங்கி உங்கள் கையில் கொடுத்தவர்மீது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் புத்தகம் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு, ரோமப் பேரரசின் நெருக்கடியில் இருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்திய வசனத்தில் 'ஜெயங்கொள்ளுகிறவன்' வருகிறான். அவனுக்கு எதிராக நிறுத்தப்படுகிறவர்கள், உயிருக்கு அஞ்சிக் கிறிஸ்துவையே மறுதலித்து மறுபக்கம் சேர்ந்துகொண்டவர்கள். நெஞ்சு படபடக்கிறவர்கள் அல்ல. படபடப்புதான் குற்றம் என்றால், 'பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்' என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலை எங்கே சேர்ப்பது? கல்லறையைப் பார்த்துவிட்டு நடுங்கி ஓடிய பெண்களை எங்கே சேர்ப்பது? உயிர்த்தெழுந்த செய்தி முதலில் ஒப்படைக்கப்பட்டது அந்தப் பெண்களிடம்தானே. மறுதலிப்பே செய்துவிட்ட பேதுருவையும் கர்த்தர் கைவிடவில்லை. இராயபுரத்தில் நம் படகோட்டிச் சமூகத்தார் கட்டிய கோயில், இராயப்பர் என்று அழைக்கப்படும் அந்தப் பேதுருவின் பெயரில்தான் நிற்கிறது.

'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்பதையும் கேட்டிருக்கிறீர்கள். 1 யோவான் 4ஆம் அதிகாரத்தில் முந்திய வசனம் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறது. கடவுள் என்னைத் தண்டித்துவிடுவாரோ என்ற பயத்தைத்தான் அந்த அன்பு வெளியே தள்ளுகிறது. வேடிக்கை என்னவென்றால், உங்கள் ஜெபக்குழு உங்களுக்குள் தினமும் ஏற்றிக்கொண்டிருப்பது அதே பயத்தைத்தான். அமோனியாவுக்குப் பயந்த பெண் இப்போது ஆண்டவருக்கும் பயந்து நடுங்குகிறாள். மாத்திரையால் குறையாத பயம் இதுதான். இதற்குத்தான் சுவிசேஷம் வேண்டும்.

தழும்புகளால் குணமாகிறோம் என்றால்

அந்த அக்காவின் வாதம், 'அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்' என்கிற ஏசாயா 53:5இலிருந்து வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. மத்தேயு 8:17 அதே அதிகாரத்தை எடுத்து, இயேசு நோயாளிகளைக் குணமாக்கியதோடு சேர்த்துச் சொல்கிறது. 1 பேதுரு 2:24 தழும்புகளைப் பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதோடு சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் உண்டு. ஆனால் 'ஆகையால் மருந்து சாப்பிடுவது சிலுவையை அவமதிப்பது' என்று எந்த அப்போஸ்தலரும் எழுதவில்லை. அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி தீமோத்தேயுவுக்குச் சொல்கிறார் பவுல். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று, எந்தச் சங்கடமும் இல்லாமல் எழுதுகிறார். கூடப் பயணம் செய்த லூக்காவை 'பிரியமான வைத்தியன்' என்கிறார்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம்; இராயபுரம் வரைக்கும் போனால் போதும். அங்கே இருக்கும் ரெய்னி மருத்துவமனையின் வரலாறு, 1888இல் ஸ்காட்லாந்து மிஷனிலிருந்து சென்னைக்கு வந்த மெட்டில்டா மக்ஃபெயில் என்ற பெண் மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. சிலுவையை நம்பியதால்தான் அவர் மருந்துப் பெட்டியோடு வந்தார். உங்கள் பாட்டிகளின் காலத்தில் வட சென்னைப் பெண்கள் பலர் பிரசவத்துக்குப் போனது அந்த வாசலுக்குத்தான். பிரசவ வலிக்கு ஊசி போட்டுக்கொண்டால் விசுவாசம் குறையவில்லை, சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் குறையவில்லை. பயத்துக்குப் போட்டால் மட்டும் குறைந்துவிடுமா? அந்த அக்கா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்!

91ஆம் சங்கீதத்தையும் விட்டுவிடக் கூடாது. எனக்கும் மிகப் பிடித்த சங்கீதம். ஆனால் மத்தேயு 4இல் அதை மேற்கோள் காட்டுவது யார் என்று பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, 'தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே' என்று சொன்னவன் பிசாசு. இயேசு குதிக்கவில்லை. 'உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக' என்று இன்னொரு வசனத்தைச் சொல்லி, உப்பரிகையில் நின்றபடியே நின்றார். மாத்திரையைக் குப்பையில் எறியச் சொல்வது அந்தக் குதிப்பைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது.

எலியா தீர்க்கதரிசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் அரசிக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்றவன் அவன். கர்த்தர் அவனுக்கு முதலில் கொடுத்தது தூக்கம், பிறகு தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. ஓரேப் மலையில் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாற்பது நாள், நாற்பதாயிரம்

ஜெப இல்லத்துக்குப் போக வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து. தியானத்துக்காக ஒருவர் தாமாக விரும்பி ஒரு வாரம் போய்வருவது வேறு. மருத்துவம் நின்றுபோன நிலையில், தூக்கமும் சாப்பாடும் குறைந்த இடத்தில், மகளைப் பிரிந்து, மற்றவர் வற்புறுத்தலால் போவது வேறு. நீங்கள் வயது வந்தவர். உங்கள் சம்மதம் இல்லாமல் உங்களை எங்கேயும் கொண்டுபோய்த் தங்கவைக்க மாமியாருக்கோ கணவருக்கோ உரிமை கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சை பெறுவதை உங்கள் உரிமை என்கிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், எந்தப் பெயரில் நடந்தாலும், பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை நம் தலைமுறை மறந்திருக்காது. எந்த மதத்தின் பெயரில் நடந்தாலும் ஆபத்து ஒன்றுதான். நீங்கள் பார்த்திருக்கும் அந்த இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பதிவு உண்டா, மருத்துவர் வருகிறாரா, நினைத்த நேரத்தில் வெளியே வர முடியுமா, கைப்பேசி வைத்துக்கொள்ளலாமா என்ற நான்கு கேள்விகளை மாமியார் முன்னிலையிலேயே கேட்டுப் பாருங்கள். பதில் வருகிற தோரணையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

பணத்தைப் பற்றி இனிப்பாகச் சொல்ல வழியில்லை. மனம் விரும்பிக் கொடுத்த காணிக்கையைச் சட்டப்படி திரும்பப் பெறுவது கடினம். 'கொடுக்காவிட்டால் தெய்வக் கோபம் வரும்' என்று நம்பவைத்து வாங்கியிருந்தால் அது வேறு. அப்படி ஒருவரை நம்பவைத்துச் செயல்பட வைப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 508ஆவது பிரிவில் குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. உங்களிடம் இருக்கும் வாட்ஸ்அப் குரல் செய்திகளை அழிக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் ஆலோசகராக நான் சொல்வது, இப்போதைக்கு வழக்கு வேண்டாம். அதே தெருவில் குடியிருந்துகொண்டு காவல் நிலையத்துக்கு அலைகிற தெம்பு இன்று உங்களிடம் இல்லை. மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை மீட்கும் வழியைக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆயரிடமும் இதைச் சொல்லுங்கள். தம் சபை மக்களிடம் இப்படி வசூல் நடப்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் கணவர் 'எதுவும் சொல்வதில்லை' என்பதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இருக்கலாம். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டவராகவும் இருக்கலாம். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூப்பிட்டு 'இங்கே தங்கி விழித்திருங்கள்' என்று வாய்விட்டுக் கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள், அது வேறு விஷயம். நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. பகல் பணி வாரமோ இரவுப் பணி வாரமோ, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கூட வரும்படி நேராகக் கேளுங்கள். மகளிடமும், 'அம்மாவுக்குப் பயம் வருகிற ஒரு நோய் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன், சரியாகிவிடும்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மறைத்தால் அவளே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வாள். அவள் இப்போதே பினாயிலுக்கு மூக்கைப் பொத்துகிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதைக் கவனித்தேன்.

நாலாம் வார்த்தை

'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்.' இதைப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை என்கிறீர்கள். ஏழு மொழிகளில் இதைப் பேசப் பயப்படாதவர் யார் இருக்கிறார் என்று நான் கேட்பேன்.

நீங்கள் குறிப்பு எடுக்கும்போது மாற்கு 15:35ஐயும் பாருங்கள். இயேசு அப்படிக் கதறியவுடன் அருகே நின்றவர்கள் சொன்னது என்ன? 'இதோ, எலியாவைக் கூப்பிடுகிறான்' என்றார்கள். சங்கீதம் 22இன் முதல் வரியைத்தான் அவர் கதறினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது வேறாகக் கேட்டது, உடனே தங்களுக்குத் தெரிந்த ஓர் அர்த்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் தலைசுற்றலுக்கும் படபடப்புக்கும் சுற்றி நின்றவர்கள் என்னென்ன அர்த்தம் கொடுத்தார்கள் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, இந்த வசனம் உங்களுக்குப் புரிகிற அளவுக்கு எனக்குப் புரியாது. இன்னொன்று. யோர்தானில் வானத்திலிருந்து சத்தம் வந்தது, மறுரூப மலையில் வந்தது. சிலுவை நின்ற கொல்கதாவில் வரவில்லை. அந்த மௌனத்துக்குச் சீக்கிரம் ஒரு சமாதானம் சொல்லி மூடிவிடாதீர்கள். பெரிய வெள்ளியன்று மூன்று மணி வரைக்குமாவது அது இருக்கட்டும்; ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வரும்.

நடைமுறைக்கு வருகிறேன். நீங்கள் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வேத பாடத்தை மட்டும் வாசிக்கிறேன் என்று மாற்றிக் கேட்கலாம். மூன்றில் எதுவும் அவமானம் அல்ல. என்னைக் கேட்டால், மருத்துவரைப் பார்த்து மருந்து மறுபடி தொடங்கி, இரண்டு வாரமாவது ஓரளவு தூங்கியிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வாசிப்பு போதும். பேசுவதானால் ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முழுவதையும் எழுதிவைத்துப் படியுங்கள். முந்தின வாரம் ஆலயம் காலியாக இருக்கும்போது போய் அதே ஒலிபெருக்கி முன் ஒருமுறை நின்று வாசித்துவிட்டு வாருங்கள். நடுவில் படபடப்பு வந்தால் காகிதத்தைப் பார்த்து நிறுத்தி, மூச்சை நீளமாக விட்டுவிட்டுத் தொடருங்கள். தியான ஆராதனையில் யாரும் அதை வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். 'நான் குணமாகிவிட்டேன்' என்று சாட்சி சொல்லும்படி யாராவது தூண்டினால் சொல்ல வேண்டாம், அது இன்னும் நடக்கவில்லை. நோயின் பெயரையும் மாத்திரையையும் பற்றி மேடையில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. மகளுக்கு நாளை வரன் பார்க்கும்போது இதெல்லாம் பேச்சாகும் என்று நீங்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. உங்கள் மருத்துவ விவரங்களைச் சிகிச்சை தருகிறவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது; நீங்களாகச் சொல்வது உங்கள் விருப்பம்.

அந்த அக்காவிடம் எப்படி முகம் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. நள்ளிரவில் நீங்கள் அழைத்தபோதெல்லாம் எழுந்து வந்து கூட உட்கார்ந்தவர் அவர்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சண்டையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். "எனக்காக ஜெபியுங்கள் அக்கா. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசிக்கொள்கிறேன்." இவ்வளவு சொன்னால் போதும். மறுபடி அதே பேச்சை எடுத்தால், தைக்கக் கொடுத்த ரவிக்கை ஈஸ்டருக்கு வேண்டுமா, அதற்கு முன்பே வேண்டுமா என்று கேளுங்கள்.